பழைய ராலேவைப் புதுப்பிப்பதா, புதுச் சைக்கிள் வாங்குவதா: ஜார்ஜ் டவுன் பட்டறை ஒன்றின் மதிப்பீடு

வீட்டின் பின்கட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைச் சரிசெய்து ஓட்டுவதா, அல்லது அதைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குவதா என்று யோசிப்பவர்களுக்குப் பினாங்கில் பொதுவாக இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. புதுச் சைக்கிள் விற்கும் கடையில் கேட்டால் பழசுக்குச் செலவழிப்பது வீண் என்பார்கள். பழம்பொருள் ஆர்வலரிடம் கேட்டால் அந்தக் காலத்து இரும்பு இனிமேல் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள் என்பார்கள். இரண்டு தரப்பினரும் சைக்கிளைப் பார்க்காமலேயே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. ஜாலான் பினாங்கிலிருந்து பிரியும் சிறிய லோரோங் (சந்து) ஒன்றில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் இயங்கும் பழைய சைக்கிள் பட்டறை, முதலில் சைக்கிளைப் பிரித்துப் பார்த்து, அளந்து, அதன் பிறகே பதில் சொல்லும் இடமாக இருப்பதால், அங்கு எனக்குக் கிடைத்த சேவையை விரிவாக எழுதுவது பலருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கடைவீட்டின் கீழ்த்தளமும் அதன் முன்னுள்ள அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைபாதையும் சேர்ந்ததுதான் பட்டறை. உரிமையாளர் வயதான சீனர். சக்கரம் கட்டுவதும் கோட்டம் எடுப்பதும் இன்றும் அவர் கைவேலைதான். மற்ற வேலைகளில் பெரும்பகுதியை அவரிடம் நெடுங்காலமாக இருக்கும் தமிழர் ஒருவர் பார்க்கிறார். தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, நாம் பேசும் தமிழ் நன்றாகவே புரியும் என்பதால், விலை பேசும்போது அவர் காதுபட ஆலோசனை செய்வதில் பயனில்லை.

நான் அங்கே கொண்டுபோனவை இரண்டு சைக்கிள்கள். ஒன்று, துறைமுகத்தில் கணக்கராக இருந்த என் தகப்பனார் பயன்படுத்திய 28 அங்குல ராலே. கறுப்பு நிறம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், மூன்று கியர். மற்றொன்று, என் அண்ணன் மகன் பள்ளியில் படித்தபோது பேரங்காடியில் வாங்கிய மலைச்சைக்கிள். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது, பதினெட்டு கியர் உள்ளது. வீட்டில் எல்லோருடைய எண்ணமும், வயது குறைந்த மலைச்சைக்கிளைச் சிறிய செலவில் சரிசெய்துவிடலாம், ராலேவைத் துடைத்து நினைவுக்காக நிறுத்திவைக்கலாம் என்பதாகவே இருந்தது. பட்டறை இதற்கு நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு அவர்கள் காட்டிய காரணங்களே இந்த மதிப்பீட்டின் மையம்.

சோதனைக்குச் சைக்கிள் ஒன்றுக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் வாங்குகிறார்கள். வேலையை அவர்களிடமே கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். முப்பது வெள்ளி கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்களை அங்கே பார்த்தேன். என்னைக் கேட்டால், முழுச் சேவையிலும் மிக அதிகப் பெறுமதி உள்ள பகுதி அதுதான். முதலில் சக்கரங்களைக் கழற்றினார்கள். பிறகு ஒரு நீண்ட நூலை, பின்சக்கர அச்சு உட்காரும் பிளவில் ஒரு பக்கம் கட்டி, முன்னே ஹேண்டில் குழலைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் இறுக்கிக் கட்டினார் அந்தத் தமிழர். அதன் பின், சீட்டைத் தாங்கும் குழலுக்கும் நூலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வலப்புறமும் இடப்புறமும் இரும்பு அளவுகோலால் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள்; வேறுபட்டால், என்றோ ஒரு நாள் விழுந்தோ மோதியோ சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் ராலேவில் இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு எளிய சோதனையைச் செய்ய ஒரு நூற்கண்டும் அளவுகோலும் போதும்; பழைய சைக்கிளை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் விற்பவரின் வீட்டு வாசலிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து துரு. மேலே தெரியும் துருவைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லை. சீட் தண்டைக் கழற்றி, டார்ச் விளக்கைக் குழலுக்குள் அடித்து, பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதியைப் பார்த்தார்கள். மழைநீர் உள்ளே இறங்கித் தேங்குவது அங்கேதான். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால் வெளியில் வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரும்பு இற்றுப்போயிருக்கும். சிறிய ஸ்பேனரால் அடிப்பக்கத்தைத் தட்டி ஓசை கேட்டார்கள். திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கிறது, இற்றுப்போன இடம் மழுங்கி ஒலிக்கிறது. வேறு ஒரு சைக்கிளின் சட்டத்தில் இரண்டு ஓசையையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டியதால் எனக்கும் வேறுபாடு விளங்கியது.

ராலே நாட்டிங்ஹாம் நகரில் 1880-களில் தொடங்கிய நிறுவனம். அந்தக் காலத்து அதன் சட்டங்களில் குழல்கள் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை. மூட்டுகளில் இரும்புக் கொப்பிகளுக்குள் குழல்களைச் செருகிப் பித்தளையால் பற்றவைத்திருக்கிறார்கள். பின்சக்கர மையத்தில் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் கியரில், அது தயாரான ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் துருவைச் சுரண்டியபோது 62 என்ற எண் வெளிப்பட்டது. அதாவது மலேசியா உருவாவதற்கு முந்தைய ஆண்டில் தயாரானது. ஏடபிள்யூ எனப்படும் இந்த மூன்று கியர் அமைப்பு 1930-களில் வந்தது. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தை 2000-ஆம் ஆண்டில் தைவானின் சன்ரேஸ் வாங்கிவிட்டபோதிலும், பல்லாண்டுகள் பெரிதாக மாறாமல் லட்சக்கணக்கில் தயாரான பொருள் என்பதால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பொருளுக்கு உதிரிப்பாகம் கிடைக்கிறது, பதினைந்து ஆண்டு வயதுள்ள மலைச்சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பட்டறையின் அறிவுக்கு ஒரு சான்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கள் ராலேவைப் போன்ற 28 அங்குல ரோட்ஸ்டர் வகைச் சைக்கிளுக்கான டயர், பிரேக் கட்டை, செயின், பெடல் முதலியவை இந்தியாவில், முக்கியமாக லூதியானாவில், இன்றும் தயாராவதால் நம் ஊரிலும் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனால் பெடல் அச்சின் இருபுறமும் திருகப்படும் கப்புகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிற கம்பெனிகளின் கப்புகளில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் தன் சட்டங்களுக்கு 26 மரை வைத்திருந்தது. இது தெரியாதவர் 24 மரைக் கப்பை எடுத்து வலிந்து திருகினால் முதல் இரண்டு சுற்று ஏறும், அதன் பிறகு சட்டத்திலுள்ள மரையை அறுத்துவிடும். நல்ல சட்டம் அந்தக் கணத்தோடு கெட்டது. இவர்கள் கப்பைக் கையிலெடுத்ததுமே மரை அளவியை வைத்துப் பார்த்தார்கள். பழைய கப்புகளையே கழுவி, பேரிங் குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, அச்சைத் திருப்பி மாட்டியதால் அந்தச் செலவும் மிஞ்சியது.

காட்டர் பின்னைக் கழற்றும் விதத்திலும் அதே கவனம். பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் இந்தச் சாய்வான ஆணி, பல ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போது அசையவே அசையாது. பல இடங்களில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடியில் முட்டுக்கொடுக்காமல் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அச்சின் வழியாகக் குண்டுகளுக்குப் போய், அவை உருளும் பாதையில் குழி விழச் செய்கிறது. இவர்கள் முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் திருகு அழுத்தி ஒன்றை மாட்டி மெல்ல இறுக்கினார்கள். துப்பாக்கி வெடித்ததுபோல ஓர் ஓசையோடு பின் கழன்று விழுந்தது. புதிய பின்னை அப்படியே செருகாமல், அதன் சரிவை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, இரண்டு பெடல் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை செருகிச் செருகிப் பார்த்தார்கள். இந்த ராவும் வேலையைத் தவிர்த்தால் ஒரு பெடல் முந்தியும் மற்றது பிந்தியும் நிற்கும்; சில மாதங்களில் முழங்கால் வலிக்கும்.

டயர் அளவைப் பற்றி ஒரு குறிப்பு. 28 அங்குலம் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே அளவு அல்ல. எங்கள் ராலேவின் 28க்கு ஒன்றரை டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய சைக்கிள்களில் பரவலாக இருக்கும் 700சி அளவு 622 மில்லிமீட்டர். 26 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு: பழைய ஒன்றே காலே அரைக்கால் (1 3/8) போன்ற பின்ன அளவுகள் ஒரு பக்கம், மலைச்சைக்கிளின் 559 மில்லிமீட்டர் மறு பக்கம். ஆகவே டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

கியரில் அவர்கள் செய்த ஒரு சிறிய மாற்றம்தான், இந்தச் சைக்கிளை நினைவுச் சின்னம் என்ற நிலையிலிருந்து நான் நாள்தோறும் எடுக்கும் வாகனமாக மாற்றியது. பழைய ராலேவில் முன்பக்கம் 48 பல்லும் பின்பக்கம் 18 பல்லும் இருந்தன. நடு கியரில் பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 6 மீட்டர் போகும். சமதரையில் இளைஞனுக்குச் சரி, வயதானவனுக்கு இது கனம். பின்பக்கம் 22 பல் உள்ள பற்சக்கரத்தைப் போட்டதும் அதே சுற்றுக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே போகிறது. கால் படும் பாடும் அந்த அளவுக்குக் குறைகிறது. முதல் கியர் நடு கியரின் முக்கால் பங்கு, மூன்றாவது கியர் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பதால், இந்த ஒரே சக்கரத்தை மாற்றியதால் மூன்று கியர்களும் சேர்ந்து இலகுவாகிவிட்டன. இருபது வெள்ளிக்குள் அடங்கிய பொருள் அது.

கியர் கம்பியை முறுக்கேற்றும் முறையையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கைப்பிடியிலுள்ள மாற்றியை நடு கியரில் வைத்து, பின் அச்சின் வலப்பக்க நட்டில் இருக்கும் சிறு துளை வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் தண்டின் தோள்பகுதி அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கம்பியிலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பும் கடை ஒரு தவறு செய்கிறது. ஏனெனில் இந்தக் கியரில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எதிலும் பிடிக்காத ஒரு நிலை இருக்கிறது. கம்பி சரியாக இல்லாமல், எழுந்து நின்று மிதிக்கும்போது அந்த நிலைக்கு நழுவினால் பெடல் திடீரென்று சும்மா சுற்றும். ஓட்டுபவர் முன்னால் விழுவார்.

மலைச்சைக்கிளுக்கு வருகிறேன். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குக் காசு போடாதீங்க. ஃபோர்க் போச்சு, அடுத்து கியர் போகும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க" என்றார் அந்தத் தமிழர். முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங் உள்ளே துருவேறி இறுகியிருந்தது. அதைப் பிரிக்க முடியாதபடி தொழிற்சாலையிலேயே அழுத்தி மூடியிருக்கிறார்கள். பின்பக்க ஸ்பிரிங் சுழலும் இடத்தில் பேரிங் இல்லை, ஞெகிழி வளையம் மட்டுமே இருந்தது, அதுவும் தேய்ந்து சட்டம் இடவலமாக ஆடியது. கியர் மாற்றியின் உட்பகுதி ஞெகிழி. உடைந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்ற நானூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்றும், அந்தச் செலவுக்குப் பிறகும் அது முன்பிருந்த தரத்தில்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள். நான் வேலையைக் கொடுக்கத் தயாராகப் பணத்தோடு போயிருந்தேன். வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த வருமானத்தை ஒரு பட்டறை வேண்டாமென்று சொல்வதை நான் வேறு இடங்களில் அதிகம் பார்த்ததில்லை; அவர்கள் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

சைக்கிளைப் புதுப்பிப்பதா என்ற கேள்விக்கு வயது ஓர் அளவுகோலே அல்ல என்பது என் முடிவு. பிரித்துக் கழுவி மறுபடி பூட்டக்கூடிய பாகங்களால் ஆன சைக்கிளைப் புதுப்பிக்கலாம், அது எழுபது ஆண்டு பழையதானாலும் சரி. ஒருமுறை தேய்ந்தால் தூக்கியெறிவதற்கென்றே செய்யப்பட்ட பாகங்களால் ஆனதைப் புதுப்பிக்க முடியாது, அது ஐந்து ஆண்டு பழையதானாலும் சரி.

வண்ணத்தைப் பற்றி அவர்கள் சொன்ன ஆலோசனையும் எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக அடிக்க வேண்டாம் என்றார்கள். கறுப்பு வண்ணத்தின் மேல் கையால் இழுத்த மெல்லிய தங்கக் கோடுகள் இன்னும் பல இடங்களில் இருந்தன. முன்னால் நாரைத் தலை பொறித்த சின்னமும் முழுதாக இருந்தது. சுரண்டி வண்ணம் அடித்தால் இவை எல்லாம் போய்விடும். ஆகவே எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு சட்டத்தைத் துடைத்து, துருவேறிய சிறு பாகங்களை மட்டும் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த நீரில் ஊறவைத்து எடுத்தார்கள். குரோமியம் பூசிய ஹேண்டில்பாரின் துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைச் சுருட்டித் தேய்த்தே நீக்கினார்கள். அர்மேனியன் தெருச் சுவரில் பழைய சைக்கிள் ஒன்றைப் பதித்து, அதில் இரு குழந்தைகள் அமர்ந்திருப்பதாக எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் ஓவியம் வரைந்த பிறகு, ஜார்ஜ் டவுனில் பழைய சைக்கிள்கள் அலங்காரப் பொருளாகவும் ஆகிவிட்டன. காப்பிக் கடைச் சுவர்களில் தொங்குகின்றன, வாசலில் பூந்தொட்டி தாங்குகின்றன. அதன் விளைவாக, மேலே பளிச்சென்று வண்ணம் அடித்து, உள்ளே பழைய குண்டுகளும் காய்ந்த கிரீஸும் அப்படியே இருக்க, புதுப்பித்த சைக்கிள் என்று நல்ல விலைக்கு விற்பதும் நடக்கிறது. வாங்கப்போகிறவர்கள் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், பழைய ரோட்ஸ்டரை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் பிரேக். கம்பி பிரேக்கில், கைப்பிடியை அழுத்தினால் தண்டுகள் வழியாகக் கட்டைகள் மேலே இழுபட்டு ரிம்மின் உட்புறத்தில் உரசுகின்றன. ரிம் குரோமியம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது இது போதுமான அளவு நிறுத்துகிறது. மழையில் நனைந்துவிட்டால் அந்த வழுவழுப்பான பரப்பில் கட்டை பிடிப்பதே இல்லை. பிரேக் பிடித்து, சக்கரம் சில சுற்று சுற்றி நீரைத் துடைத்த பிறகே மெல்லப் பிடிப்பு வருகிறது. அதற்குள் முன்னால் இருக்கும் கார் நெருங்கிவிடும். அலுமினிய ரிம் மாற்றினால் ஈரத்திலும் பிடிப்பு பலமடங்கு கூடும் என்பது சைக்கிள் தெரிந்த எல்லோரும் அறிந்தது. ஆனால் கம்பி பிரேக்குக்கு ஏற்ற வளைவுள்ள ரிம் தனி வகை, அதற்குப் பொருத்தமான அலுமினிய ரிம்மைப் பட்டறையால் தேடித்தர முடியவில்லை. முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் உள்ள மையத்தைப் போடலாம், ஸ்டர்மி ஆர்ச்சரே அதை இன்னும் தயாரிக்கிறது, ஆனால் தண்டுகளை எடுத்துவிட்டுக் கேபிளுக்கு மாற வேண்டியிருக்கும் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். காலையில் லெபோ பசாருக்குப் போய்க் காய்கறியும் வெற்றிலையும் வாங்கி வருவதற்கும், மாலையில் கடற்கரைப் பக்கம் மெதுவாக ஓட்டுவதற்கும் இது போதும். வானம் கறுத்தால் எடுக்காமல் இருக்க எனக்கு வசதி இருக்கிறது. மழையோ வெயிலோ குறித்த நேரத்துக்கு வேலைக்குப் போயாக வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. செப்டம்பர், அக்டோபர் மழையில் பினாங்குச் சாலையில் கம்பி பிரேக்கை நம்பி ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வராது.

ஆகவே அண்ணன் மகனுக்குப் புதிதாக வாங்கினோம். அவன் கெலுகோரிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறான். வழியில் கடலோரச் சைக்கிள் பாதையும் இருக்கிறது, லாரிகள் விரையும் சாலையும் இருக்கிறது. "சித்தப்பா, பழசையே எனக்கும் ஒன்று பார்த்துக் கொடுங்கள்" என்று ராலேவைப் பார்த்த ஆசையில் கேட்டான். பட்டறைத் தமிழரே அவனிடம் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். அலுமினியச் சட்டம், 700சி சக்கரம், கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக், பின்பக்கம் எட்டு கியர் உள்ள சைக்கிளை 1,190 வெள்ளிக்கு வேறொரு கடையில் எடுத்தோம். ஸ்பிரிங் ஃபோர்க் இல்லாத மாதிரியாகத் தேர்ந்தெடுத்தது பட்டறையின் யோசனை: இந்த விலையில் ஸ்பிரிங் வைத்தால் அதற்கான பணத்தைச் சக்கரத்திலும் பிரேக்கிலும் குறைத்திருப்பார்கள். ராலே இருபது கிலோவை ஒட்டிய கனம். புதியதை மாடிப்படியில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஏறுகிறான்.

புதுச் சைக்கிள் என்றால் எந்தக் கவலையும் இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அவை அரைகுறையாகப் பூட்டப்பட்ட நிலையில் பெட்டியில் வருகின்றன. ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், பிரேக் ஆகியவற்றைக் கடைக்காரர் பூட்டுகிறார். எங்களுக்கு விற்ற கடை அந்த வேலையை அவசரமாகச் செய்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டியபோது முன்சக்கரத்தின் கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்ததையும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் திருகுகளில் ஒன்று தளர்ந்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். ஸ்போக்ஸ் கம்பிகளை இழுத்துப் பார்த்து, சில வாரம் ஓட்டிய பிறகு கோட்டம் எடுக்க மறுபடி வரச் சொன்னார்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்து தளர்வது இயல்பு. இதற்கு நாற்பது வெள்ளி வாங்கினார்கள். தங்களிடம் வாங்காத சைக்கிள் என்று முகம் காட்டவில்லை.

ராலேவுக்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விலை தெரியாமல் இப்படிப்பட்ட மதிப்பீடு பயன்படாது. முழுதும் பிரித்துக் கழுவிப் பூட்டிய கூலி 280. பின்சக்கரத்துக்குப் புதுக் கம்பிகள் போட்டுக் கட்டியது 120. டயரும் ட்யூபும் 90. செயின், பிரேக் கட்டை, காட்டர் பின், கியர்க் கம்பி, பற்சக்கரம் எல்லாம் சேர்த்து 110. ஸ்பிரிங் வைத்த இந்தியத் தோல் சீட் 75. பிரேக் தண்டுகளுக்கு வெளியே கொடுத்து முலாம் பூசியது 140. மொத்தம் 815 வெள்ளி. பழைய சீட் பர்மிங்காமின் புரூக்ஸ். தோல் நடுவில் கிழிந்துவிட்டதால் பயன்படுத்த முடியவில்லை, அதே நிறுவனத்தின் புதுச் சீட்டின் விலையோ மலிவான ஒரு முழுச் சைக்கிளின் விலையை எட்டுகிறது. உடைந்துபோயிருந்த மணிக்குப் பதிலாக, அதே காலத்து மணி ஒன்றை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பேரம் பேசி வாங்கினேன். அந்தச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பழைய சைக்கிள் விளக்கு, பூட்டு, கேரியர் போன்றவை அங்கே அவ்வப்போது கண்ணில் படும்.

ஆக, புதியதைவிடப் பழையதற்கு முந்நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் குறைவாகவே ஆனது. ஆனால் சட்டம் நேராக இருந்ததும், கியர் உயிரோடு இருந்ததும், சட்டத்தின் உயரம் எனக்குப் பொருந்தியதும் சேர்ந்ததால் வந்த கணக்கு இது. கியர் உடைந்திருந்து, இரண்டு ரிம்களும் துளைபட்டிருந்தால் செலவு எளிதாகப் புதியதைத் தாண்டியிருக்கும். உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 28 அங்குலச் சைக்கிளின் மேல்குழலைக் கடந்து இரு பாதங்களும் தரையில் ஊன்ற முடியாதவருக்கு, எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அந்தச் சைக்கிள் உதவாது. சட்டத்தைக் குட்டையாக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

குறைகள் இருக்கின்றன. முதலாவது, காலம். சொன்ன நாளில் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு சொன்ன நாளிலும் கிடைக்கவில்லை. கூப்பிட்டுத் தெரிவிக்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை; நாம்தான் போய்க் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து, பட்டர்வொர்த்திலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ கொண்டுவருபவர்களுக்கு இது பெரிய தொல்லை. இரண்டாவது, மதிப்பீட்டைக் காகிதத்தில் எழுதித் தருவதில்லை. வாயால் சொன்ன தொகையை அவர்கள் மீறவில்லை என்பது உண்மை. இருந்தாலும் நான் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன், மற்றவர்களும் அப்படிச் செய்வது நல்லது. மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. முலாம் பூசும் வேலை இவர்கள் பட்டறையில் நடப்பதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். அனுப்பிய இடத்தில் பிரேக் தண்டுகளை அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டதால், இணைப்புத் திருகுகளின் தலையில் இருந்த ராலே முத்திரை மழுங்கிவிட்டது. அறுபது ஆண்டு உப்புக்காற்று அழிக்காததை மெருகுச் சக்கரம் அழித்துவிட்டது. தவுக்கே அந்தத் தொகையில் பாதியைத் தாமாகவே குறைத்துக்கொள்ள முன்வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் இனி முத்திரை உள்ள பாகங்களை முலாமுக்கு அனுப்பும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் சைக்கிளில் அப்படிப்பட்ட பாகங்கள் இருந்தால் அவற்றைத் துருநீக்கி எண்ணெய் பூசினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இலகுவான பந்தயச் சைக்கிள், மின்சாரச் சைக்கிள், நீர்ம டிஸ்க் பிரேக் உள்ளவை ஆகியவற்றை இவர்கள் எடுப்பதில்லை. அவற்றுக்கான கருவிகள் தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், ரட்ஜ், ஹம்பர் போன்ற பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களும், இந்திய, சீன ரோட்ஸ்டர்களும், சாதாரண நகரச் சைக்கிள்களும்தான் அவர்களுடைய களம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். காலையில் போனால் தமிழரிடம் நிதானமாகப் பேசலாம், மதியத்துக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பஞ்சர் வேலை குவிந்துவிடும். சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோக வேண்டாம். எண்ணெய்க் கசிவும் துருவின் தடமும் இருக்கிறபடியே இருந்தால்தான் பழுது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.